ரயில்வே சர்வரை முடக்கி, கைதிகளை விடுவிக்கச் சொன்ன ஹேக்கர்கள்: பெலாரஸில் நடந்தது என்ன?

2022 ஜனவரி 24. பெலாரஸ் ரயில்வேயின் ஆன்லைன் டிக்கெட் சேவை திடீரென முடங்கியது. 'தொழில்நுட்பக் காரணம்' என்றது நிர்வாகம். உண்மைக் காரணம் வேறு. ரயில்வேயின் சர்வர்களை ஹேக் செய்து, தகவல்களைப் பூட்டிவிட்டதாக 'சைபர் பார்ட்டிசன்ஸ்' என்ற குழு அறிவித்திருந்தது.

இப்படிப் பூட்டுபவர்கள் வழக்கமாகப் பணம் கேட்பார்கள். இவர்கள் கேட்டதோ வேறு. மருத்துவ உதவி தேவைப்படும் 50 அரசியல் கைதிகளை விடுவிக்க வேண்டும். பெலாரஸ் மண்ணில் ரஷ்யப் படைகள் இருக்கக் கூடாது. சரியாக ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 24-ல் உக்ரைன் போர் தொடங்கியது. ரஷ்யப் படையின் ஒரு பகுதி பெலாரஸ் வழியாகத்தான் உள்ளே நுழைந்தது.

யார் இந்த சைபர் பார்ட்டிசன்ஸ்?

கதை 2020-ல் தொடங்குகிறது. 1994 முதல் ஆட்சியில் இருக்கும் லூகஷென்கோ, அந்த ஆண்டு ஆகஸ்ட் 9-ல் நடந்த தேர்தலில் 80 சதவீத வாக்குகளுடன் வென்றதாக அறிவிக்கப்பட்டது. மக்கள் நம்பவில்லை. லட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். சுமார் மூன்று நாட்களுக்கு இன்டர்நெட் முடக்கப்பட்டது. அந்த ஆண்டில் மட்டும் 30,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். எதிர்த்துப் போட்டியிட்ட ஸ்வியட்லானா சிகானுஸ்கயா, லிதுவேனியாவுக்குப் போக வேண்டியதாயிற்று.

வீதியில் நின்றால் அடி, ஜெயில். அப்படியானால் வேறு எங்கே போராடுவது? இந்தக் கேள்வியோடுதான் 2020 செப்டம்பரில் சில ஐ.டி. ஊழியர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். பெயருக்கும் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் நாஜிப் படைகளின் ரயில் பாதைகளைத் தகர்த்த பெலாரஸ் கெரில்லாக்களுக்கு 'பார்ட்டிசன்' என்றுதான் பெயர்.

என்னவெல்லாம் செய்தார்கள்?

முதலில், அரசு டிவியின் இணையதளத்தில் போலீஸ் அடிக்கும் காட்சிகளை ஓட விட்டார்கள். 2021-ல் உள்துறை அமைச்சகத்தின் தகவல்கள், போலீஸ் ஒட்டுக்கேட்ட உரையாடல்கள், நாட்டின் பாஸ்போர்ட் டேட்டாபேஸ் என ஒவ்வொன்றாகக் கைப்பற்றியதாகச் சொன்னார்கள். கொரோனா காலத்தில் நாட்டில் நடந்த மரணங்கள் அரசுக் கணக்கைவிடப் பல மடங்கு அதிகம் என்றும் அந்தத் தகவல்களை வைத்து வாதிட்டார்கள்.

ரயில்வே விஷயத்தில் ஒரு எல்லையை வைத்துக்கொண்டதாகவும் சொன்னார்கள். சிக்னல், பாதுகாப்பு அமைப்புகளில் கை வைக்கவில்லை. வைத்தால் விபத்து நடந்து உயிர் போகும். டிக்கெட் சேவை முடங்கியது தங்கள் நோக்கமல்ல என்றார்கள். ஆனாலும் சாதாரணப் பயணிகள் அவதிப்பட்டது நிஜம்.

இது சட்ட மறுப்பா, இல்ல வெறும் குற்றமா?

இங்கேதான் சிக்கல். 1930-ல் தண்டியில் காந்தி உப்பை எடுத்தபோது முகத்தை மறைக்கவில்லை. வைஸ்ராய்க்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டுத்தான் நடக்கத் தொடங்கினார். சட்டத்தை வெளிப்படையாக மீறுவது, தண்டனையை ஏற்பது. சட்ட மறுப்பின் இலக்கணம் என்று பலரும் சொல்வது இதைத்தான். ஹேக்கர்கள் இதில் இரண்டையும் செய்வதில்லை. வெளியே முகம் காட்டுவது செய்தித் தொடர்பாளர் யூலியானா ஷெமெட்டோவெட்ஸ் மட்டும்தான். அவரும் இருப்பது அமெரிக்காவில்.

மறுபக்கமும் இருக்கு. கோர்ட்டில் நின்று தன் நியாயத்தைச் சொல்லலாம், அதை நாளிதழ்கள் எழுதும் என்ற நிலை இருந்தால்தான் சிறைக்குப் போவதும் ஒரு போராட்டமாகும். கோர்ட்டும் மீடியாவும் அரசின் கையில் இருக்கும் நாட்டில், பிடிபடுபவர் சத்தமில்லாமல் காணாமல் போவார். அதனால் முகத்தை மறைப்பதை மட்டும் வைத்து இவர்களைக் கோழைகள் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினம். 2024 ஏப்ரலில், பெலாரஸ் உளவு அமைப்பான கேஜிபியின் 8,600-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் விவரங்கள் கிடைத்ததாக இவர்கள் அறிவித்தார்கள். போட்டோவை அனுப்பினால் ஆளை அடையாளம் காட்டும் டெலிகிராம் பாட் ஒன்றையும் வெளியிட்டார்கள். அந்தப் பட்டியலில் சித்ரவதை செய்த அதிகாரியும் இருக்கலாம். ஃபைல் தூக்கிய கிளார்க்கும் இருக்கலாம். யார் எது என்று பிரித்துச் சொல்லும் விசாரணை எதுவும் அங்கே கிடையாது.

விலை கொடுப்பது யார்?

ஹேக்கர்களில் பெரும்பாலோர் நாட்டுக்கு வெளியே இருப்பதாகச் சொல்லப்படுகிறது. உள்ளே இருப்பவர்கள் நிலைமை வேறு. போர் தொடங்கியபின், ரஷ்ய ராணுவ ரயில்களைத் தாமதப்படுத்த பெலாரஸில் சிலர் தண்டவாளத்தை ஒட்டிய சிக்னல் பெட்டிகளுக்குத் தீ வைத்தார்கள். அதில் மூன்று பேருக்கு 2022 டிசம்பரில் கிடைத்த தண்டனை, ஆளுக்கு 20 ஆண்டுகளுக்கும் மேல் சிறை.

கணினிக்குள் நுழைவதற்குக்கூடப் பல நேரம் உள்ளே ஒரு ஆள் வேண்டும். அரசு அலுவலகங்களில் இருப்பவர்களும் தங்களுக்கு உதவுவதாக இந்தக் குழு சொல்லியிருக்கிறது. மாட்டினால் தப்பிக்க வழியில்லாதவர்கள் அவர்கள்தான்.

லூகஷென்கோ 2025 ஜனவரியில் ஏழாவது முறையாக வென்றதாக அறிவிக்கப்பட்டார். ஹேக்கர்களால் ஆட்சியை அசைக்க முடியவில்லை. ஆனால் அந்த ஆட்சி பூட்டி வைத்திருந்த பல ரகசியங்கள் இப்போது வெளியே இருக்கின்றன.