செவி கொடுக்கும் அரங்கம்

ஒரு பாடல் நம் உள்ளத்தைத் தொட்டால், அதனைப் பாடியவர் யார் என்று வினவுகிறோம். எழுதியவர் யார் என்று வினவுவோர் சிலரே. ஆயினும், உலகம் கேட்பதற்கு முன்னர் அப்பாடலைத் தனியறையில் அமர்ந்து தமக்குள் முணுமுணுத்துப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார் அன்றோ? அத்தகையோரை அழைத்து அமர்த்தி, அவர்கள் குரலிலேயே அவர்கள் பாடல்களைக் கேட்கும் அரங்கம் ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. அதனிடமிருந்து நம் குடும்பங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுண்டு என்பதனாலேயே அதனைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

டென்னசி மாநிலத்தின் தலைநகர் நாஷ்வில். 'கண்ட்ரி' என்று வழங்கும் அந்நாட்டு மக்களிசைக்கு அதுவே தலைமையிடம். புகழ்பெற்ற 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி இசை நிகழ்ச்சி 1925-ஆம் ஆண்டு அங்குதான் தொடங்கிற்று. அந்நகரின் பேரரங்குகளுக்குத் தொலைவில், கடைகள் வரிசையாய் அமைந்த ஓர் எளிய கட்டடத்தில் இருக்கிறது 'புளூபேர்டு கஃபே'. வயலின் கலைஞர் ஒருவரின் மகளான ஏமி கர்லண்ட் என்னும் பெண்மணி 1982-ஆம் ஆண்டு அதனை உணவகமாகவே திறந்தார். நாளடைவில் உணவை விஞ்சி இசை முதலிடம் பெற்றது. அங்கு ஏறத்தாழ 90 பேர் மட்டுமே அமர இயலும்.

இத்துணைச் சிறிய இடம் புகழடைந்ததற்குக் காரணம் யாது? அங்கு நிலவும் அமைதியே. பாடல் நடக்கும்போது எவரும் பேசலாகாது என்பது அவ்விடத்தின் சட்டம். மீறுவோரிடம் 'உஷ்' என்று சொல்லத் தயங்கமாட்டார்கள். உணவருந்த வந்தவர்களும் பாட்டு முடியும்வரை வாய்மூடி இருப்பர்.

1985-ஆம் ஆண்டு அங்கு ஒரு புதுமுறை தோன்றியது. டான் ஷ்லிட்ஸ், ஃபிரெட் நாப்ளாக் முதலிய பாடலாசிரியர்கள் மேடையில் ஏறாமல், கூடத்தின் நடுவே ஒருவரையொருவர் நோக்கி வட்டமாய் அமர்ந்தனர். கேட்போர் அவர்களைச் சூழ்ந்து அமர்ந்தனர். அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று.

அத்தகைய மாலைப்பொழுது ஒன்றினை மனக்கண்முன் கொணர்வோம். மூவர் அல்லது நால்வர்; ஆளுக்கொரு கிதார். ஒளிவிளக்குகளின் ஆரவாரமில்லை, ஆடலுமில்லை. ஒருவர், தம் பாடல் எவ்வாறு பிறந்தது என்று சில சொற்களில் கூறிவிட்டுப் பாடுகிறார். ஏனையோர் செவிமடுக்கின்றனர், சிலபோது மெல்லத் தாமும் இசைகின்றனர். பின்னர் அடுத்தவர் முறை. கைநீட்டினால் தொடும் தூரத்தில் அமர்ந்திருப்போர், வானொலியில் பன்முறை கேட்ட பாடலை அன்றுதான் புதிதாய்க் கேட்பதுபோல் உணர்வர்.

டான் ஷ்லிட்ஸையே எடுத்துக்கொள்வோம். கணிப்பொறிக் கூடத்தில் இரவுப்பணி செய்துகொண்டிருந்த இளமைக் காலத்தில் அவர் எழுதியதே 'தி கேம்ப்ளர்'. 1978-இல் கென்னி ராஜர்ஸ் பாடிய பின்னரே அது நாடெங்கும் பரவியது.

மற்றுமொரு நிகழ்ச்சி. டோனி அராட்டா என்பவர் தாம் இயற்றிய 'தி டான்ஸ்' என்னும் பாடலைப் புளூபேர்டில் பாடினார். கேட்டவர்களுள் ஒருவர் அப்பொழுது பெயரறியப்படாத பாடகர் கார்த் புரூக்ஸ். தமக்கு ஒப்பந்தம் கிடைத்தால் இதனைப் பதிவு செய்வேன் என்று வாக்களித்தார். அவரையும் இசைத்தட்டு நிறுவனங்கள் மறுத்திருந்தன. 1988-ஆம் ஆண்டு, மறுத்திருந்த நிறுவனமொன்றின் அலுவலரே அதே புளூபேர்டில் அவர் பாடக் கேட்டு மனம் மாறினார், ஒப்பந்தம் கிடைத்தது. புரூக்ஸ் வாக்குத் தவறவில்லை. 1990-இல் 'தி டான்ஸ்' வரிசையில் முதலிடம் பெற்றது. அலுவலகத்தில் மறுக்கப்பட்ட குரல், அமைதியாய்க் கேட்கும் மக்களிடையே ஏற்கப்பட்டது!

பாடலாசிரியரின் வருவாய் பெரிதென்று எண்ணிவிடலாகாது. விற்கும் ஒவ்வொரு பாடற்படிக்கும் 1909-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் விதித்த தொகை 2 சென்ட். 2006-இல் அது 9.1 சென்ட் ஆயிற்று. 2023-இல் 12 சென்ட். அதனையும் பதிப்பகத்தாரோடும் உடனெழுதியவரோடும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே பலருக்குப் பாட்டெழுதுவது பிழைப்பன்று. வேறொரு வேலைக்கிடையே செய்யும் தவமே. அவர்களுக்குப் பணத்தினும் அரிதாய்க் கிடைப்பது, முழுமையாய்க் கேட்கும் ஒரு கூட்டம். ஏமி கர்லண்ட் இதனை உணர்ந்தே, 2008-ஆம் ஆண்டு அவ்விடத்தை நாஷ்வில் பாடலாசிரியர் சங்கத்தாரிடம் ஒப்படைத்தார்.

இதனை எழுதும்போது நம் மனம் நம்மையே குற்றஞ்சாட்டுகிறது. பல ஆண்டுகளுக்கு முன், திருவிழா வேலைகளுக்கிடையே ஓர் இளைஞன் நம்மிடம் வந்தான். "சாமி, நானே ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன்" என்று மடித்த தாளை நீட்டினான். "பிறகு பார்ப்போம், தம்பி" என்றோம். பந்தற்காரர் காத்திருந்தார், கணக்கு முடியவில்லை, நாம் சொன்ன காரணங்கள் யாவும் உண்மையே. ஆயினும் அந்தப் 'பிறகு' வரவேயில்லை. அவன் மீண்டும் அத்தாளைக் கொண்டுவரவுமில்லை. அதில் என்ன எழுதியிருந்தான் என்பதை நாம் இன்றுவரை அறியோம். கணக்கு மறுநாளும் இருந்தது, பாட்டு இல்லை.

வள்ளுவப் பெருந்தகை 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். கற்றோரிடம் கேட்பதையே அவர் அங்குச் சிறப்பித்தார். சிறியோர் சொல்வதைப் பெரியோர் கேட்பதும் ஓர் அறமே என்று நாம் சேர்த்துக்கொள்வோம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒருநாள் தானே கட்டிய பாட்டொன்றை, எதுகை தவறியும் சுருதி பிசகியும் பாடக்கூடும். தொலைக்காட்சியை நிறுத்துங்கள், கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள். முடியும்வரை திருத்தாதீர்கள். முடிந்தபின், "இது உனக்கு எப்படித் தோன்றியது?" என்று மட்டும் கேளுங்கள். 90 நாற்காலிகள் வேண்டா. அன்று உங்கள் வீட்டில் இரண்டு போதும்.