ஆபரேஷனுக்குப் பிறகு கஞ்சியும் ரஸ்க்கும் போதுமா?

எழுபது வயதைத் தாண்டியவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டால், கம்பியோ செயற்கை மூட்டோ வைக்கும் வேலையை டாக்டர்கள் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். அவர் மறுபடி எழுந்து நடப்பாரா என்பது, அடுத்த சில வாரங்களில் அவர் தட்டில் என்ன விழுகிறது என்பதையும் பொறுத்தது.

நம் வீடுகளில் அந்த நேரத்தில்தான் பத்தியம் தொடங்கும். “முட்டை குடுக்காதீங்க, சீழ் வச்சிடும்”, “பருப்பு வாயு”, “மீன் சூடு”, “தயிர் ஆகாது” என்று பார்க்க வருபவர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். கடைசியில் மிஞ்சுவது அரிசிக் கஞ்சி, ரஸ்க், ரசம் சோறு. விலக்கப்பட்டவை எல்லாமே புரதம் உள்ள உணவுகள் என்பதை யாரும் கவனிப்பதில்லை. சீழ் பிடிப்பது கிருமித் தொற்றால், முட்டையால் அல்ல. காயம் மூடப் புதுத் திசு வளர வேண்டும். அதற்கு மூலப்பொருளே புரதம்தான். சித்த மருத்துவத்தில் பத்தியம் என்பது குறிப்பிட்ட மருந்தோடு சேர்ந்து வருவது. அதை ஆபரேஷன் தையலுக்கும் நீட்டிக்கொண்டது நாம்தான்.

சாப்பாட்டில் புரதம் வராவிட்டால் உடம்பு சும்மா இருக்காது. தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். இளைஞருக்குக் கையிருப்பு உண்டு. முதியவருக்கு ஏற்கெனவே குறைந்திருக்கும். 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். பரிந்துரைக்கப்பட்ட அளவு புரதமும் கொடுத்தார்கள். அப்படியும் கால்களில் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டது. இத்தனைக்கும் அவர்களுக்கு ஆபரேஷனே நடக்கவில்லை.

சரி, எவ்வளவு தேவை? நோயுற்ற முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள் ஊட்டச்சத்து நிபுணர்கள். 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு நாளொன்றுக்கு 60 முதல் 75 கிராம். மூன்று டம்ளர் கஞ்சியும் நாலு ரஸ்க்கும் சேர்ந்தால் 15 கிராமைக்கூடத் தொடாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே, 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்குக் கிடைக்கும். சைவம் என்றால் பருப்பு, சுண்டல், பன்னீர், தயிர். ஒரே வேளையில் இவ்வளவும் இறங்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை கொடுக்கலாம். கஞ்சியிலேயே பால் பவுடரைக் கலக்கலாம், பருப்பைக் குழைய மசிக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கூடவே எழுந்து நிற்கவும் நடக்கவும் பழக்க வேண்டும், வெறும் சாப்பாட்டால் தசை ஏறாது.

சாப்பிடாததற்குச் சில சமயம் காரணம் மிகச் சின்னது. பல் செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டவர்கள் திருப்பி மாட்டிவிட மறந்திருப்பார்கள். பெட்பேன் கேட்கக் கூச்சப்பட்டு, தண்ணீரையும் சோற்றையும் பாட்டியே குறைத்துக்கொண்டிருப்பார். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வந்து பசி செத்திருக்கும்.

ஆபரேஷனுக்கு முந்தைய பட்டினியையும் கவனிக்க வேண்டும். “நைட் பன்னெண்டுக்கு மேல பச்சத்தண்ணிகூடக் கூடாது” என்பது பழைய விதி. வேறு சிக்கல் இல்லாதவர்களுக்குத் திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தினால் போதும் என்பதே இன்றைய மயக்கவியல் வழிகாட்டுதல். காலையில் நடக்கவேண்டிய ஆபரேஷன் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனால், இடையில் ஏதாவது கொடுக்கலாமா என்று நர்ஸிடம் கேட்டுவிடுவது நல்லது.

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகள் வரிசையாக இருக்கும். சாப்பாட்டுக்கு ‘நார்மல் டயட்’ என்று ஒரே வரி இருக்கலாம். அங்கேயே டயட்டீஷியனிடம் நோயாளியின் எடையைச் சொல்லி, எத்தனை கிராம் புரதம், எதிலிருந்து என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். மூன்று மாதத்துக்குள் 50 கிலோவில் இரண்டரை கிலோ இறங்கிவிட்டால், அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.