ஜெர்மனிப் பாராளுமன்றத்தில் பெண்கள்

வகுப்புத் தலைவியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் கைகளை எண்ணியதும் வேலை முடிந்துவிடுகிறது. சட்டசபைகளில் அவ்வளவு எளிதன்று என்பதை ஜெர்மனியின் வரலாற்றில் நாம் காணலாம்.

அந்நாட்டுப் பெண்கள் தேசிய சபைக்கு முதன்முறையாக வாக்களித்தது 1919 ஜனவரியில். மறுமாதமே மரீ யுகாச் என்னும் அம்மையார் அச்சபையில் பேச எழுந்தார். தையல் வேலை செய்து பிழைத்தவர் அவர். உறுப்பினர்களை, "ஆண்களே, பெண்களே" என்று அவர் விளித்ததற்கே சிரிப்பு எழுந்ததாகச் சபைக் குறிப்பில் பதிவாகியுள்ளது. இதில் சிரிக்க என்ன இருக்கிறதோ, எங்களுக்குப் புரியவில்லை! 1933-இல் ஹிட்லர் ஆட்சி வந்தபின் பெண்கள் பாராளுமன்றத்திலிருந்து அடியோடு விலக்கப்பட்டனர். யுகாச் அம்மையாரும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

போருக்குப் பின் புதிய அரசியல் சட்டம் எழுதக் கூடிய 65 பேரில் பெண்கள் நால்வரே. அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் எலிசபெத் செல்பெர்ட், "ஆண்களும் பெண்களும் சம உரிமை உடையவர்கள்" என்ற வாசகத்தைச் சேர்க்கக் கேட்டார். முதலில் தோல்விதான். அவர் ஊர் ஊராகச் சென்று பேசினார். பெண்களின் கடிதங்கள் வந்து குவிந்தன. 1949 ஜனவரியில் வாசகம் ஏற்கப்பட்டது.

ஆனால் ஏட்டில் எழுதிவிட்டால் இடங்கள் நிரம்பிவிடுமா? அங்கே வாக்காளருக்கு இரண்டு வாக்குகள்: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிப் பட்டியலுக்கு. பட்டியலில் மேலே இருப்பவருக்கே இடம் கிடைக்கும். பசுமைக் கட்சி 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்குகிறது. ஏ.எஃப்.டி. என்னும் தீவிர வலதுசாரிக் கட்சியோ ஒதுக்கீட்டையே எதிர்க்கிறது. மக்களின் உண்மைக் குரல் தாங்கள் மட்டுமே என்பது இத்தகைய கட்சிகளின் வழக்கமான பேச்சு. 2017-இல் அது முதன்முறையாகப் பாராளுமன்றத்தில் நுழைந்தபோது பெண்களின் பங்கு சுமார் 37 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைந்தது. அது மட்டுமே காரணமன்று. வேறு சில கட்சிகளிலும் பெண்கள் குறைவே. 2025-இல் அது 152 இடங்களைப் பெற்றது. அவற்றில் பெண்கள் ஏறத்தாழ 12 சதவீதம். ஆயினும் அதன் இரு தலைவர்களுள் ஒருவரான ஆலிஸ் வைடல் ஒரு பெண்மணி! தலைமையில் ஒரு பெண் இருந்தால் போதும் என்று எண்ணியிருந்த நாங்கள் மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று.

துரிங்கியா மாநிலம், பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறி மாறி வரவேண்டும் என்று 2019-இல் சட்டம் செய்தது. ஏ.எஃப்.டி. வழக்குத் தொடுத்தது. தேர்தல் சுதந்திரத்துக்கு அது முரண் என்று கூறி, 2020-இல் மாநில அரசியல் சட்ட நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இதைக் குறித்து எங்கள் வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. கட்சியின் பட்டியலைக் கட்சிதானே எழுத வேண்டும் என்றனர் சிலர். எழுதும் கூட்டத்தில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்று நாங்கள் கேட்டோம். அதற்குள் மணி அடித்துவிட்டது.