முப்படிக் கோடு எங்கே வெட்டும், எங்கே திரும்பும்?

சிங்கப்பூரில் சாதாரண நிலைத் தேர்வுக்குக் கூடுதல் கணிதம் எடுக்கும் மாணவர்கள் இருபடி வளைகோட்டுக்குச் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். சிக்கல் முப்படியில் தொடங்குகிறது. இருபடிக் கோடு எக்ஸ் அச்சை இரண்டு இடங்களில் வெட்டினால், திரும்புமுனை சரியாக அவற்றின் நடுவில் இருக்கும். அதே கணக்கை முப்படியிலும் போட்டால் விடை தவறிவிடும்.

ஒய் = எக்ஸ்³ − 6எக்ஸ்² + 9எக்ஸ் − 4 என்பதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒய் அச்சை வெட்டும் இடம் ஒரு வரி வேலை. எக்ஸ் = 0 என்றால் ஒய் = −4. எக்ஸ் அச்சுக்குச் சற்றுத் தேட வேண்டும். கடைசி எண் 4 என்பதால் முழு எண் விடைகளுக்கு 1, 2, 4, −1, −2, −4 ஆகியவற்றைச் சோதித்தால் போதும். எக்ஸ் = 1 இட்டால் 1 − 6 + 9 − 4 = 0. ஆகவே (எக்ஸ் − 1) ஒரு காரணி. அதனால் வகுத்தால் எக்ஸ்² − 5எக்ஸ் + 4, அதாவது (எக்ஸ் − 1)(எக்ஸ் − 4) கிடைக்கும்.

(எக்ஸ் − 1) இருமுறை வந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த இடத்தில் கோடு அச்சைக் கடக்காது, தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். 4இல் மட்டுமே கடக்கும்.

இனி வகைக்கெழு: 3எக்ஸ்² − 12எக்ஸ் + 9 = 3(எக்ஸ் − 1)(எக்ஸ் − 3). இது 0 ஆகும் இடங்கள் 1, 3. மூலச் சமன்பாட்டில் இட்டால் திரும்புமுனைகள் (1, 0), (3, −4). 1க்கும் 4க்கும் நடு 2.5, பள்ளம் இருப்பதோ 3இல். நடுவைப் பிடித்தவருக்கு மதிப்பெண் போயிற்று.

இரண்டாம் வகைக்கெழு 6எக்ஸ் − 12. எக்ஸ் = 1இல் அது −6, ஆகவே உச்சம். 3இல் 6, ஆகவே பள்ளம்.

வகைக்கெழு 0 ஆனாலே கோடு திரும்பும் என்பதும் இல்லை. ஒய் = எக்ஸ்³ கோட்டின் சாய்வு எக்ஸ் = 0இல் 0தான்; ஆனால் அது இரு பக்கமும் ஏறிக்கொண்டே போகிறது. அங்கே இரண்டாம் வகைக்கெழுவும் 0 என்பதால் அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. முதல் வகைக்கெழுவின் குறியை இருபுறமும் பார்க்க வேண்டும். ஒய் = எக்ஸ்³ + எக்ஸ் என்றால் வகைக்கெழு 3எக்ஸ்² + 1; அது ஒருபோதும் 0 ஆகாது. திரும்புமுனை இல்லை என நிறுவ அந்த ஒரு வரி போதும்.

முதல் கோட்டை வரையும்போது கீழிருந்து ஏறி, (0, −4) வழியாக (1, 0)ஐத் தொட்டு, (3, −4)க்கு இறங்கி, (4, 0)இல் அச்சைக் கடந்து மேலே போகவேண்டும். இந்த நான்கு புள்ளிகளையும் படத்தில் எழுதிவிட வேண்டும்.