இணையக் கடையும் ஓர் அமானிதமே

ஹலாலான உழைப்பை இஸ்லாம் இபாதத்தாகவே மதிக்கின்றது. அன்னை கதீஜா (ரழி) அவர்கள் மக்காவில் பெயர்பெற்ற வணிகப் பெண்மணியாகத் திகழ்ந்தார்கள். இன்று எமது சகோதரிகள் பலர் அபாயா தைத்தும், கேக் செய்தும், வீட்டில் இருந்தவாறே இணையத்தளத்தின் மூலம் விற்பனை செய்கின்றனர். மத்ரஸாக்களும் தளம் அமைத்து மாணவியரைப் பதிவு செய்கின்றன. மகிழ்ச்சிக்குரிய விடயம்தான். ஆனால், கடைக்குக் கதவு இருப்பது போல் இத்தளங்களுக்கும் கதவு உண்டு; அதை உடைப்போரும் உண்டு.

கடை உடைந்தால் எமது பொருள் போகும். தளம் உடைந்தாலோ பிறரின் இரகசியமும் போகும். பொருள் வாங்கிய பெண்களின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம், உடையளவு, அவர்கள் அனுப்பிய வங்கிப் பற்றுச்சீட்டு ஆகிய யாவும் அங்கேதான் இருக்கின்றன. இவை எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். தம்மைக் கொல்லச் சதி செய்த ஊராரின் அமானிதங்களைக் கூட உரியவர்களிடம் சேர்ப்பிப்பதற்காக, ஹிஜ்ரத்தின் போது அலீ (ரழி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்ற நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம் என்பதை மறக்கலாகாது.

கோளாறா? திருட்டா?

உலகிலுள்ள இணையத்தளங்களில் நூற்றுக்கு 40க்கும் மேற்பட்டவை, 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்குகின்றன. விலைப்பட்டியல், விண்ணப்பப் படிவம், படத்தொகுப்பு போன்ற மேலதிக வசதிகளுக்காக அதில் சேர்க்கப்படும் சிறு மென்பொருள்களே 'பிளக்இன்'கள். தையல் இயந்திரத்துடன் பூட்டும் துணைக் கருவிகளைப் போன்றவை அவை. ஒன்று மற்றொன்றுடன் பொருந்தாவிட்டால் இயந்திரமே நின்றுவிடும்.

எனவே தளம் திடீரென வெள்ளைத் திரையாகத் தெரிந்தால், உடனே யாரோ சதி செய்துவிட்டார்கள் என எண்ணிவிடக் கூடாது. அண்மையில் புதுப்பித்த பிளக்இன் காரணமாக இருக்கலாம். 2019க்குப் பிந்திய வேர்ட்பிரஸ், பழுதைக் கண்டுகொண்டால் தள உரிமையாளரின் மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பை அனுப்பும். அதன் வழியே உள்ளே சென்று பழுதான பிளக்இனை நிறுத்தலாம். மின்னஞ்சல் வராவிட்டால், தளத்துக்கு இடம் வழங்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பக்கத்தில் நுழைந்து, 'பிளக்இன்ஸ்' என்ற கோப்புறையின் பெயரை மாற்றுங்கள். எல்லா பிளக்இன்களும் ஒரேயடியாக நின்றுவிடும். தளம் உயிர்பெற்றால் பழைய பெயரையே மீண்டும் இட்டு, ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். எதை இயக்கும்போது தளம் விழுகிறதோ அதுவே குற்றவாளி.

ஆனால் நீங்கள் அறியாத ஒருவர் நிர்வாகியாகப் பதிவாகியிருத்தல், வாடிக்கையாளர் சூதாட்டப் பக்கங்களுக்குத் திருப்பப்படுதல், கூகுள் அபாய எச்சரிக்கை காட்டுதல் ஆகியவை திருட்டின் அடையாளங்கள்.

திருடன் வரும் வழி

2020 செப்டெம்பரில் 'பைல் மெனேஜர்' என்ற பிளக்இனில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. 7 இலட்சத்துக்கும் அதிகமான தளங்களில் அது இருந்தது. கடவுச்சொல் இல்லாமலேயே எவரும் தமது கோப்புகளை உள்ளே ஏற்ற அது வழிவிட்டது. திருத்திய பதிப்பு விரைவில் வந்தது. புதுப்பித்தவர்களுக்கு அந்த வாசல் அடைபட்டது. புதுப்பிக்காதவர்களின் வாசல் திறந்தே கிடந்தது.

மற்றொரு வழி, விலைகொடுத்து வாங்க வேண்டிய பிளக்இனைத் திருட்டுப் பிரதியாக இலவசமாகப் பெறுவது. அவற்றில் பலவற்றினுள் இரகசியக் கதவு வைக்கப்பட்டிருக்கும். பிறர் உழைப்பை அனுமதியின்றி எடுத்து ஹலாலான வியாபாரம் நடத்த நினைப்பது எவ்வாறு பொருந்தும்?

உடைபட்ட பின்

முதலில் தளத்தை மூடிவிட்டு, ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். அழிக்கத் தொடங்குமுன், உள்ளவாறே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எப்படி நுழைந்தார்கள் என்பதை அறிய அது உதவும். வைரஸ் இல்லாத வேறொரு கணினியிலிருந்து ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ், தரவுத்தளம், மின்னஞ்சல் ஆகிய அனைத்தின் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். அறியாத நிர்வாகிகளை நீக்குங்கள்.

பின்னர், திருட்டுக்கு முன் எடுத்த காப்புப் பிரதியை மீள நிறுவுங்கள். அது இல்லையேல் வேர்ட்பிரஸையும் பிளக்இன்களையும் உரிய இடத்திலிருந்து புதிதாக இறக்கிப் பதியுங்கள். படங்கள் உள்ள கோப்புறையில் பிஎச்பி கோப்பு காணப்பட்டால் சந்தேகியுங்கள். படங்களுக்கிடையே அதற்கு வேலையில்லை. அனைத்தையும் புதுப்பித்த பின்பே தளத்தைத் திறக்க வேண்டும். ஓட்டையை அடைக்காமல் வீட்டைக் கூட்டிப் பயனில்லை. கூகுள் எச்சரிக்கை இருந்தால் அதன் 'சேர்ச் கொன்சோல்' பகுதியில் மறுபரிசீலனை கோரலாம்.

அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைவது, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டப்படி எமது நாட்டில் தண்டனைக்குரிய குற்றமாகும். முறைப்பாடு செய்யத் தயங்க வேண்டாம்.

மறைக்கலாமா?

'வெளியே தெரிந்தால் வியாபாரம் போய்விடுமே' என்று பலர் மௌனம் காக்கின்றனர். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள், மேலே உலர்ந்ததை வைத்து ஈரத்தை மறைத்திருந்த வியாபாரியைக் கடுமையாக எச்சரித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. தளத்தைத் துடைத்து அழகாக்கிவிட்டு, களவுபோன தொலைபேசி இலக்கங்களைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதும் அத்தகையதே. எமது பெயரைச் சொல்லி ஒரு மோசடிக்காரன் அச்சகோதரியிடம் பணம் கேட்கக்கூடும். அவர் எம்மை நம்பிக் கொடுத்தும் விடுவார். 'தளம் ஊடுருவப்பட்டது, உங்கள் விவரம் வெளியே போயிருக்கலாம், எம் பெயரில் யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்' என்று நேர்மையாக அறிவித்துவிடுவது கடமை. ரிஸ்க் அல்லாஹ்விடம் இருக்கிறது. உண்மை சொல்வதால் அது குறையாது.

இன்றே செய்யுங்கள்

தளத்தை அமைத்துத் தந்த தம்பி நாளை கத்தாருக்குப் போய்விடலாம். எனவே கடவுச்சொற்கள் உங்கள் கையில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை காப்புப் பிரதி எடுத்து, தளத்துக்கு வெளியே வேறிடத்தில் வையுங்கள். தேவையற்ற பிளக்இன்களை நிறுத்தினால் மட்டும் போதாது, அழித்துவிடுங்கள். இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். பொருள் கொடுத்து முடிந்த பின் தேவைப்படாத விவரங்களை நீக்கிவிடுங்கள். இல்லாத ஒன்றை எவராலும் திருட முடியாது.

எம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணிக் காக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் எம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.