பள்ளிக்கு வரும் கதைக்காரர்கள்

நான்கைந்து வயதில் சேரும் பிள்ளைகள் பதினொரு வயது வரை படிக்கும் இடம் பிரிட்டனின் தொடக்கப் பள்ளி. சிறார் எழுத்தாளர்கள் அங்கே நேரில் போய்த் தங்கள் வாசகர்களைச் சந்தித்து வருவது நெடுநாள் வழக்கம். கதை சொல்வார்கள், பாடுவார்கள், படம் வரைவார்கள், கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள், புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள். சில பள்ளிகளில் இது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வேறு சில பள்ளிகளில் வகுப்பு வகுப்பாக நாள் முழுக்க நடக்கும்.

இந்த வழக்கத்துக்குத் தேசிய அளவில் ஒரு முகம் கிடைத்தது 1999-ல். கவிஞர் டெட் ஹியூஸ் பிரிட்டனின் அரசவைக் கவிஞராக இருந்தவர். டெவன் மாவட்டத்தில் அவருக்கு அக்கம்பக்கத்தில் வசித்தவர் எழுத்தாளர் மைக்கேல் மோர்பர்கோ. அரசவைக் கவிஞரைப் போலவே குழந்தைகளுக்கென்றும் ஒரு எழுத்தாளர் இருந்தால் என்ன என்று இருவரும் பேசிக்கொண்டதில் பிறந்ததுதான் 'சில்ட்ரன்ஸ் லாரியேட்' பதவி. அது நடைமுறைக்கு வருமுன்பே, 1998-ல், ஹியூஸ் காலமாகிவிட்டார். ரோல்டு டால் கதைகளுக்குப் படம் வரைந்த குவென்டின் பிளேக் முதலில் பொறுப்பேற்றார். பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒருவர் மாறும் இந்தப் பதவியில் இருப்பவர்களுக்குப் பள்ளி, நூலகம், விழா என்று ஓயாத அலைச்சல் உண்டு.

ஒரு வருகை நன்றாக அமைவதும் அமையாததும் எழுத்தாளர் வாசலில் கால் வைப்பதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. பள்ளி நூலகரோ, வாசிப்பில் ஈடுபாடுள்ள ஓர் ஆசிரியரோ சில வாரங்கள் முன்னதாகவே அவருடைய புத்தகங்களை வகுப்பில் உரக்கப் படிக்கத் தொடங்க வேண்டும். கதையில் வரும் பாத்திரங்களைப் பிள்ளைகள் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தால், கேட்க வேண்டியவற்றை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், பேச்சு முதல் நிமிடத்திலேயே சூடு பிடிக்கும். அப்படி எதுவும் செய்யாத பள்ளியில் வந்தவர் யாரோ ஒரு விருந்தாளி. பிள்ளைகள் மரியாதையாகக் கை தட்டுவார்கள், அவ்வளவுதான்.

கூட்டம் பெரும்பாலும் பள்ளியின் பெரிய அரங்கில் நடக்கும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், ஆசிரியர்கள் ஓரமாக நாற்காலியில். ஐந்து வயதுப் பிள்ளையை வெறும் பேச்சால் நெடுநேரம் கட்டிப்போட முடியாது. இதை நன்கு அறிந்தவர் ஜூலியா டொனால்ட்சன். எழுத்தாளர் ஆவதற்கு முன் தெருவோரத்தில் பாடியவர், பிறகு தொலைக்காட்சிக்குக் குழந்தைப் பாடல்கள் எழுதியவர். அவருடைய நிகழ்ச்சியில் கணவர் மால்கம் கிட்டார் வாசித்துவந்தார். குழந்தை மருத்துவராக வேலை பார்த்தவர் அவர். கதை அங்கே வாசிக்கப்படுவதில்லை, நடிக்கப்படுகிறது. கேட்க வந்த பிள்ளைகளே மேடையேறி விலங்குகளாகிவிடுகிறார்கள். 2011 முதல் 2013 வரை லாரியேட்டாக இருந்தபோது, நாட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நூலகம் நூலகமாகப் பயணம் போனார். அங்கெல்லாம் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் வந்து படப் புத்தகக் கதைகளை அவர் முன் நடித்துக் காட்டினார்கள்.

1999-ல் வெளியான அவருடைய 'தி கிரஃபலோ' பிறந்த விதம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்த ஒன்று. புலியின் பயங்கரத்தைத் தனதாக்கிக்கொண்ட நரியைப் பற்றிய சீனக் கதையிலிருந்து அவர் தொடங்கினார். புலியை வைத்துக்கொண்டு சந்தம் அமையவில்லை. ஆகவே உலகத்தில் இல்லாத ஒரு மிருகத்தையே உருவாக்கினார். பதிப்பகத்துக்கு அனுப்பிய பிரதி ஓராண்டு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. பிறகு ஓவியர் ஆக்செல் ஷெஃப்லருக்கு அனுப்பியதால்தான் அதற்கு வழி பிறந்தது. வரி வரவில்லை என்றால் பாத்திரத்தையே மாற்றலாம், பதில் வரவில்லை என்றால் வேறு கதவைத் தட்டலாம் என்பதை ஒரு ஏழு வயதுப் பிள்ளை இதைவிட எளிதாக எங்கே கற்றுக்கொள்ளும்?

குவென்டின் பிளேக், கிறிஸ் ரிடெல் போன்ற ஓவியர்கள் பேச்சைக் குறைத்துத் தூரிகையைக் கையில் எடுத்துவிடுவார்கள். பெரிய தாளில் ஒரு கோடு விழும், அடுத்த கோட்டில் அது மூக்காகும், முகம் முடிவதற்குள் அரங்கில் பிள்ளைகள் பாத்திரத்தின் பெயர் சொல்லிக் கத்தத் தொடங்கிவிடுவார்கள். எழுத்தாளர் மைக்கேல் ரோசனுக்கு முகமும் கைகளுமே போதும். அவர் மேடையில் நிகழ்த்திவந்த ஒரு பழைய பாட்டைப் பார்த்த பதிப்பாசிரியர் அதை எழுதித் தரச் சொன்னதில்தான் 1989-ல் அவருடைய புகழ்பெற்ற கரடி வேட்டைப் புத்தகம் வந்தது.

கேள்வி நேரம்தான் இந்தச் சந்திப்பின் உயிர். "உங்களுக்கு எத்தனை வயசு?", "நாய் வளர்க்கிறீங்களா?", "நீங்க பணக்காரரா?" என்று தயக்கமில்லாமல் கேள்விகள் வரும். கை தூக்கிய குழந்தை கேள்வியே கேட்காமல் தன் வீட்டுப் பூனை குட்டி போட்ட கதையைச் சொல்லி முடித்துவிட்டு உட்காருவதும் உண்டு. அனுபவமுள்ள எழுத்தாளர் அதையும் பொறுமையாகக் கேட்பார். கதை எங்கிருந்து கிடைக்கிறது என்ற கேள்விக்கு அதுவே விடை என்று காட்டிவிடுவார். அடித்துத் திருத்திய கையெழுத்துப் பிரதியைச் சிலர் கொண்டுவருவார்கள். பக்கம் முழுக்கக் கோடும் கிறுக்கலுமாக இருப்பதைக் கண்டதும் அரங்கில் ஒரு முணுமுணுப்பு எழும். பிழையில்லாமல் எழுதினால்தான் நல்ல பிள்ளை என்று நம்பி வந்தவர்களுக்கு, புத்தகம் போட்டவரே பத்துத் தடவை அடித்து எழுதுகிறார் என்பது பெரிய ஆறுதல்.

மோர்பர்கோ பிள்ளைகளை ஆசிரியர் பக்கத்திலிருந்து கண்டவர். கென்ட் பகுதியில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, வகுப்பில் தாம் படித்துக் காட்டிய கதை பிள்ளைகளுக்குச் சலித்துப்போனதைக் கவனித்தார். மறுநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தாமே ஒரு கதை சொன்னார், வகுப்பு கண் கொட்டாமல் கேட்டது. அவர் எழுத்தாளரானது அப்படித்தான்.

முடிவில் கையெழுத்து. புத்தகம் வாங்குவது பற்றிப் பெற்றோருக்கு முன்பே சீட்டு போயிருக்கும், உள்ளூர்ப் புத்தகக் கடைக்காரர் பெட்டியோடு வந்திருப்பார். பெயர் பிழையாகிவிடக் கூடாது என்று ஒவ்வொரு பிரதியிலும் குழந்தையின் பெயரை எழுதிய சிறு தாள் ஒட்டியிருக்கும். பணம் கொண்டுவராத பிள்ளைக்குக் கையெழுத்திட்ட புத்தக அடையாள அட்டை கிடைத்தால் அதிர்ஷ்டம். இந்த இடத்தில்தான் வருகை பலரை நோகடிக்கவும் செய்கிறது, வரிசையில் நிற்பவர் யார், நிற்காதவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. பிரிட்டனில் 1998-ல் தொடங்கிய உலகப் புத்தக நாள் இயக்கம் ஒரு பவுண்டு மதிப்புள்ள கூப்பனைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கிறது. அந்தக் கூப்பனுக்கென்றே அச்சிட்ட சிறு புத்தகம் ஒன்றைக் கடையில் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம்.

எழுத்தாளருக்குப் பள்ளி கட்டணம் தருவது முறை. ஒரு நாளுக்குப் பல நூறு பவுண்டு ஆகும். புத்தக விற்பனையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத பலருக்கு இது நியாயமான வருமானம். ஆனால் வசதியில்லாத பள்ளிக்கு இது எட்டாத தொகை. ஸ்காட்லாந்தில் 'ஸ்காட்டிஷ் புக் டிரஸ்ட்' இந்தச் செலவில் ஒரு பகுதியை ஏற்கும் நிதி ஒன்றை நடத்துகிறது.

2009-ல் ஒரு பெரிய சர்ச்சை எழுந்தது. 2002-ல் சோஹம் என்ற ஊரில் சிறுமியர் இருவர் பள்ளிப் பராமரிப்பு ஊழியர் ஒருவரால் கொல்லப்பட்டதை அடுத்து, குழந்தைகளுடன் பழகுவோர் அனைவரையும் பதிவு செய்து சரிபார்க்கும் திட்டம் கொண்டுவரப்பட்டது. பள்ளிக்கு வரும் எழுத்தாளர்களும் 64 பவுண்டு கட்டிப் பதிய வேண்டும் என்றானதும் ஃபிலிப் புல்மன், ஆன் ஃபைன், குவென்டின் பிளேக், மோர்பர்கோ முதலியோர் எதிர்த்தார்கள். ஆசிரியர்கள் சூழ அரங்கில் பேசிவிட்டுப் போகிறவர் குழந்தையுடன் தனியாக இருப்பதேயில்லை என்பது அவர்கள் வாதம். குழந்தைப் பாதுகாப்பில் எச்சரிக்கை தேவைதான், ஆனால் இந்த விதி அளவு மீறியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே விதி தளர்த்தப்பட்டது. 2010-ல் திட்டமே நிறுத்தி வைக்கப்பட்டது.

இதைவிடப் பெரிய குறை வேறு. எழுத்தாளர் போன பின் அவருடைய அடுத்த புத்தகத்தைத் தேடும் பிள்ளைக்குப் பள்ளியில் நூலகம் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் சிறைச்சாலையில் நூலகம் கட்டாயம், பள்ளியில் கட்டாயமில்லை. 2019-ல் லாரியேட்டான கிரெசிடா கவல் இதையே தம் முதன்மைக் கோரிக்கையாக எடுத்துக்கொண்டார். தொடக்கப் பள்ளி நூலகங்களுக்கென்று ஆண்டுக்கு 10 கோடி பவுண்டு ஒதுக்கும்படி 2021-ல் பிரதமருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார், முன்னாள் லாரியேட்டுகளும் அதில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தின் ஆறு தொடக்கப் பள்ளிகளில் புதிய நூலகம் அமைத்து, பிள்ளைகளின் வாசிப்பு எப்படி மாறுகிறது என்று காட்டும் முயற்சியையும் தொடங்கினார்.