பெட்டியைப் பார்க்காதீர்கள், சிப்பைப் பாருங்கள்

2011-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் கொங்கு வட்டாரத்தில் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் வைஃபை பழுதானால், கோவை காந்திபுரத்தில் ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கிச் செருகினால் போதும். சிக்கல் டிரைவரில்தான் வருகிறது. பெட்டியில் உள்ள பெயரை நம்பித் தேடுவதே பாதிப் பிழைக்குக் காரணம் என்பேன். டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்725என் மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் பதிப்பில் ரியல்டெக் 8188சியூஎஸ் சிப், இரண்டாம் பதிப்பில் 8188இயூஎஸ். பெயர் ஒன்றுதான், டிரைவர் வேறு. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, டீடெய்ல்ஸில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். விஐடிக்குப் பின் 0பிடிஏ, பிஐடிக்குப் பின் 8179 என்றிருந்தால் அது 8188இயூஎஸ். பெட்டி தொலைந்தாலும் இந்த எண் மாறாது.

விண்டோஸே டிரைவரைத் தேடிக்கொள்ளாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் தேடிக்கொள்ளும், ஆனால் அதற்கு இணையம் வேண்டுமே! கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் அந்த முட்டுக்கட்டை நீங்கிவிடும். எல்லா டிரைவரையும் தாமே புதுப்பிப்பதாகச் சொல்லும் இலவச மென்பொருள்கள் இதைவிடச் சுலபம்தானே என்பார்கள். டிரைவர் இயங்குதளத்தின் அடியாழத்தில் ஓடுவது; அடையாளம் தெரியாதவரிடம் வாங்கினால் கணினியின் சாவியையே கொடுத்ததாகிவிடும். தயாரிப்பாளரின் தளத்தில், அடாப்டரின் அடியில் அச்சிட்ட பதிப்பு எண்ணைத் தேர்ந்து இறக்குவதற்குச் சில நிமிடங்கள் கூடுதலாகும், அவ்வளவுதான்.